பேச்சு மலிவாகிவிட்டது, போன் செலவு ஏன் குறையவில்லை?

ஒரு காலத்தில் வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் இரவு ஆகட்டும் என்று காத்திருப்பார்கள். பகலில் ஒரு கட்டணம், இரவில் அதைவிடக் குறைவு, விடுமுறை நாளில் இன்னும் குறைவு என்று பல நாடுகளில் கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறியது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசி முடிப்பார்கள். இன்று யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பெரும்பாலான பிளான்களில் பேச்சுக்கு வரம்பே கிடையாது. ஆனால் வீட்டில் உள்ள எல்லோருடைய ரீசார்ஜையும் பில்லையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் தொகை திகைக்க வைக்கிறது. பேச்சு இவ்வளவு மலிவான பிறகும் செலவு ஏன் குறையவில்லை? இது புரிந்தால்தான் எங்கே சிக்கனம் செய்யலாம், எங்கே செய்யவே கூடாது என்பது தெரியும்.

விடையில் ஒரு பாதி நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. டென்மார்க்கில், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த கணித அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங், இத்தனை பேருக்கு இணைப்பு கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. ஒருவர் போனை வைக்கும்போது இன்னொருவர் எடுக்கிறார். அதனால் ஆளுக்கு ஒரு லைன் தேவையில்லை, அதில் சிறு பங்கு இருந்தாலே போதும். எவ்வளவு சிறு பங்கு என்று சொல்ல அவர் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பொறியியல் பாடத்தில் இருக்கிறது. தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே ‘எர்லாங்’ என்றுதான் பெயர்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் பேசும் ஒவ்வொரு நிமிடமும் நிறுவனத்துக்குச் செலவு வைப்பதில்லை. நெரிசலான நேரத்தைத் தாங்கும்படி கட்டி வைத்த கோபுரமும் கேபிளும், ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையும்தான் பெரிய செலவு. அதெல்லாம் தயாரான பிறகு, நள்ளிரவில் ஒருவர் கூடுதலாக ஒரு மணி நேரம் பேசினால் அதனால் ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இரவுக் கட்டணம் குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். கேபிள்களின் கொள்ளளவு பல மடங்கு பெருகியபோது பகல் பேச்சும் அதே நிலைக்கு வந்துவிட்டது. நிமிடத்தை எண்ணி விற்பதில் அர்த்தம் இல்லாமல் போனதால், மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக விற்க ஆரம்பித்தார்கள்.

நமக்கும் அது பிடித்துப்போனது. 1987-இல் கென்னத் ட்ரெயின், டேனியல் மெக்ஃபேடன், மோஷே பென்-அகிவா என்ற மூன்று ஆய்வாளர்கள் வீட்டுத் தொலைபேசித் திட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பேசிய அளவுக்குக் கட்டுவது, மாதம் ஒரே தொகை கட்டுவது என்ற இரண்டிலும் பில் சமமாக வந்தால்கூட, மாதம் ஒரே தொகை என்பதற்கே வீடுகள் கூடுதல் மதிப்பு கொடுத்தன என்று கண்டார்கள். (மெக்ஃபேடனுக்குப் பின்னர் 2000-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.) மீட்டர் ஓடுகிறது என்ற பதற்றம் இல்லாத நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க மனிதர்கள் தயாராக இருக்கிறார்கள். இதில் தவறு எதுவும் இல்லை. தீர்ந்துபோய்விடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கிக் குவிக்கிறோமே, பணம் போகும் ஓட்டை அங்கேதான் இருக்கிறது. பேசாமல் இருந்து மிச்சம் பிடிக்க இன்றைக்கு எதுவும் இல்லை. நாம் தொடாமலே காலாவதியாகும் பங்குக்குக் கட்டும் காசில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

டேட்டா விஷயத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பழைய டிஜிட்டல் தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரம் பேசினால் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 58 எம்பி ஆகும். இணையம் வழியாகப் பேச உதவும் இன்றைய செயலிகள் குரலை அதைவிடவும் சுருக்கி அனுப்புகின்றன. இனி வீடியோ: ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 3 ஜிபி, சாதாரணத் தரத்தில் சுமார் 1 ஜிபி. அதாவது ஒரு மணி நேர ஹெச்டி படம், ஐம்பது மணி நேரப் பேச்சுக்குச் சமம். உலக அளவில் மொபைல் டேட்டாவில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வீடியோதான் என்று எரிக்சன் நிறுவனத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆகவே பாட்டியிடம் இன்னும் பத்து நிமிடம் பேசினால் டேட்டா தீர்ந்துவிடும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். ஐந்து அங்குலத் திரையில் ஹெச்டிக்கும் சாதாரணத் தரத்துக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வெளியில் இருக்கும்போது தரத்தைக் குறைத்து வைத்தால் அதே படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு டேட்டா போதும்.

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோருடைய போனையும் மேசையில் வரிசையாக வைத்துச் சோதித்துப் பார்த்தோம். செட்டிங்ஸ் உள்ளே ‘டேட்டா பயன்பாடு’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. எந்தச் செயலி இந்த மாதம் எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் காட்டும். அப்பாவின் போனில் முதல் இடத்தில் இருந்தது, படங்களைத் தானாகவே ஆன்லைனில் சேமித்து வைக்கும் செயலி. “நான் யாருக்கும் படமே அனுப்புறதில்லையேம்மா” என்றார். அவர் அனுப்பவில்லைதான். குடும்ப குரூப்பில் வந்து விழுந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் முதலில் தானாக இறங்கியிருக்கின்றன, அப்புறம் அதே படங்கள் தானாக மேலே ஏறியிருக்கின்றன. ஒரே படத்துக்கு இரண்டு முறை செலவு. அவர் பத்திரிகை படிக்கும் செயலி பட்டியலின் அடியில், சில எம்பியோடு கிடந்தது. இரண்டு இடத்தில் ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றினோம், வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தினோம். ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை அவருக்கு இருப்பதிலேயே சின்ன பிளானைப் போட்டோம். இன்றுவரை அவருக்கு டேட்டா குறைந்ததில்லை.

இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் பிளான் வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது போலத்தான். அதிலும் தினசரி வரம்பு வைத்த பேக்குகளில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஒருவர் வேலை நாட்களில் தினம் அரை ஜிபி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் 4 ஜிபி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு அவருக்குத் தேவை 7 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் பேக்கை வாங்கினால் வாரத்துக்கு 14 ஜிபிக்குக் காசு கட்டுகிறார். ஆறு நாளும் ஒன்றரை ஜிபி நள்ளிரவில் வீணாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை 2 ஜிபி தீர்ந்ததும் டாப்-அப் வேறு போட வேண்டும். தேவையைப் போல இரண்டு மடங்கு வாங்கியும் அவருக்குப் பற்றாக்குறை! தினமும் ஒரே சீராகப் பார்ப்பவருக்கு மட்டும்தான் இந்த வகை பேக் ஒத்துவரும். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய இருப்பவர்கள், காலம் முழுவதுக்கும் மொத்தமாக இவ்வளவு என்று தரும் பேக்கைத் தேட வேண்டும். மிச்சத்தை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துத் தரும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது 28 நாள் கணக்கு. மாதம் ஒரு ரீசார்ஜ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 28 நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 13 முறை கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் பதின்மூன்று ரீசார்ஜ். 84 நாள் பேக்கும் அப்படித்தான். மூன்று மாதம் போலத் தோன்றும், நான்கு முறை போட்டால் 336 நாள்தான் ஆகியிருக்கும். இதைக் கவனித்த அரசுகளும் உண்டு. இத்தாலியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பில் போடும் முறையை 2017-இல் சட்டம் இயற்றியே நிறுத்தி, மாதக் கணக்குக்கு மாற்றினார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தது ஒரு 30 நாள் பிளானாவது தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் இத்தாலியில் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆண்டு வருமானம் குறையாதபடி நிறுவனங்கள் மாதக் கட்டணத்தை உயர்த்திக்கொண்டன. ஆக, பிளானின் பெயரையோ மாதத்தையோ பார்த்துப் பயனில்லை. மொத்தத் தொகையை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று பார்ப்பது ஒன்றுதான் நேர்மையான ஒப்பீடு. போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அரை நிமிடம் போதும்.

வருடம் முழுவதுக்கும் ஒரே ரீசார்ஜ் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நாள் கணக்கில் அது பெரும்பாலும் மலிவாகவே வரும். வீட்டில் ஒரே இடத்தில் இருக்கும், தேவை மாறாத பெரியவர்களுக்குத் தாராளமாகப் போடலாம். வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊர் மாறக்கூடிய பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். புது இடத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்றால் அந்தக் காசு போனதுதான்.

சரி, பேச்சும் டேட்டாவும் போக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதே ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கணக்கை முழுதாக இறக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரு சிறு தொகை கழிந்திருப்பது தெரிந்தது. எதிரே ‘இதர சேவை’ என்று மட்டும் போட்டிருந்தது. பதினான்கு மாதமாக ஓடியிருக்கிறது. விசாரித்தால் காலர் டியூன். எப்போதோ வந்த ஒரு அழைப்பில் ஏதோ ஒரு எண்ணை அழுத்தியிருக்கிறார். காலர் டியூன் அழைப்பவர்களுக்குத்தானே கேட்கும், அம்மாவின் காதில் அந்தப் பாட்டு ஒருமுறைகூட விழுந்ததில்லை. எங்களுக்குக் கேட்டிருக்கிறது. அவர் விரும்பி வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எனக்கு இன்றும் மனது கஷ்டமாக இருக்கிறது, அத்தனை மாதத்தில் ஒருநாள் வாய்திறந்து கேட்டிருந்தால் போதுமே.

காலர் டியூனை ஒரு வியாபாரமாக முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது தென் கொரியாவின் எஸ்கே டெலிகாம், 2002-இல். விரும்பி வைப்பவர்களுக்கு அது ஒரு மகிழ்ச்சி, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. கேட்காமலே ஏறும் கட்டணம்தான் பிரச்சினை. ஜாதகம், கிரிக்கெட் ஸ்கோர், விளையாட்டு என்று வெளியார் சேவைகளின் கட்டணம் போன் பில்லில் வந்து ஒட்டிக்கொள்வது உலகம் முழுவதும் நடக்கிறது. அமெரிக்காவில் ஒப்புதல் இல்லாமல் பில்லில் ஏறிய இத்தகைய கட்டணங்களுக்காக 2014, 2015 ஆண்டுகளில் நான்கு பெரிய மொபைல் நிறுவனங்களும் அரசு அமைப்புகளோடு சமரசம் செய்துகொண்டு, வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தது. தொகை சிறியதாக இருப்பதால்தான் கண்ணில் படாமல் போகிறது. வருடத்துக்கு இரண்டு முறையாவது வீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் விரிவான கணக்கை எடுத்து, ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாத வரி இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, அதை நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இத்தகைய எல்லாச் சேவைகளையும் மொத்தமாகத் தடுத்து வைக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. பெரியவர்களின் எண்ணுக்கும் குழந்தைகள் கையில் இருக்கும் எண்ணுக்கும் அதைக் கேட்டுப் போட்டுவிட வேண்டும்.

மிஸ்டு கால் மோசடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து நின்றுவிடும். யாரோ என்று திருப்பி அழைத்தால் அதிகக் கட்டண எண்ணில் போய் விழுவோம். ஜப்பானில் இதற்கு ‘வன்கிரி’ என்று பெயர், ‘ஒன்று அடித்து வெட்டு’ என்று பொருள். அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. உறவினர் யாரும் இல்லாத நாட்டின் எண்ணுக்குத் திருப்பி அழைக்காதீர்கள், அவ்வளவுதான்.

எர்லாங்கின் கணக்குக்கு மறுபடி வருகிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை என்பதை வைத்துத்தான் நிறுவனம் பிழைக்கிறது. அதே கணக்கு வீட்டுக்கும் பொருந்தும், நாம்தான் போட்டுப் பார்ப்பதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் மாதம் 20 ஜிபி, மற்ற மூவர் 6, 4, 2 ஜிபி செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 32. எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு பேருக்கும் ஒரே மாதிரி பெரிய பிளான் எடுத்தால் 80 ஜிபிக்குக் காசு கட்டுகிறோம். பொதுவான ஒரே தொகுப்பாக 40 ஜிபி எடுத்தால், ஒருவருக்குக் கூடும் மாதத்தில் இன்னொருவருக்குக் குறைந்து சரியாகிவிடும். குடும்ப பிளானின் அடிப்படை இதுதான். அப்படி ஒரு பிளான் கிடைக்காத இடத்தில் வீட்டு பிராட்பேண்ட் அந்த வேலையைச் செய்கிறது. வீடியோ முழுவதும் வைஃபையில் போய்விட்டால், வெளியே போகும்போது ஒவ்வொருவருக்கும் சின்ன டேட்டா போதும். வீட்டில் இரண்டு பேராவது தினமும் படம் பார்க்கிறார்கள் அல்லது வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்றால் பிராட்பேண்ட் போடுவது லாபம் என்பது என் கருத்து. ஆனால் போட்ட பிறகு மொபைல் பிளான்களைச் சின்னதாக்க வேண்டும். நிறைய வீடுகளில் அதை மறந்துவிட்டு இரண்டு பக்கமும் முழுதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தனியாக இருந்து நாள் முழுக்க வெளியே அலைபவருக்கு பிராட்பேண்ட் தேவையே இல்லை, ஒரு நல்ல மொபைல் பேக்கும் ஹாட்ஸ்பாட்டும் போதும். லேண்ட்லைனுக்குத் தனி வாடகை கட்டுகிறவர்கள், கடைசியாக அது எப்போது அடித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் போட்டு போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு கவலை. கைபேசியின் விலையையும் மாதக் கட்டணத்தில் சேர்த்து இரண்டு வருடத்துக்குத் தவணையாக வாங்கியிருப்பார்கள். இரண்டு வருடம் முடிந்து, போனுக்கு உரிய காசு கட்டித் தீர்ந்த பிறகும் சில பிளான்களில் அதே தொகை தொடர்ந்து கழியும். நீண்ட நாள் விசுவாசமாக இருக்கும் வாடிக்கையாளர் புதியவரைவிட அதிகம் கட்டுகிறார் என்பதை பிரிட்டனில் ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ என்ற அமைப்பு 2018-இல் பெரிய புகாராகவே எடுத்துச் சென்றது. ஒப்பந்தம் முடியப்போகிறது என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதி அங்கே 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்படி விதி இல்லாத இடத்தில் தேதியை நாமே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வாரத்தில் நிறுவனத்துக்குப் போன் செய்து, வேறு நிறுவனத்துக்கு மாறப்போகிறேன், இதைவிட நல்ல பிளான் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். விளம்பரத்தில் வராத பிளான்கள் அப்போது வெளியே வருவதுண்டு.

மாறுவதற்கும் பயப்படத் தேவையில்லை. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி சிங்கப்பூரில் 1997-இல் வந்தது, இன்று பெரும்பாலான நாடுகளில் இருக்கிறது. சொந்தக் கோபுரம் இல்லாமல், பெரிய நிறுவனத்தின் கோபுரத்தையே வாடகைக்கு எடுத்துக் குறைந்த கட்டணத்தில் சேவை தரும் சிறிய நிறுவனங்களும் பல நாடுகளில் உண்டு. சிக்னல் அதே சிக்னல்தான். நெரிசலான நேரத்தில் மட்டும் சில சமயம் பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு முதலிடம் கிடைக்கும், நமக்கு வேகம் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் செலவு நன்றாகவே குறையும். மாறும் முன்பு வீட்டுக்குள்ளும் வேலை செய்யும் இடத்திலும் அந்த சிக்னல் கிடைக்கிறதா என்று, அதை ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பரின் போனில் பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, போகும் இடத்து சிம்மையோ இ-சிம்மையோ (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போட்டுக்கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை, அது ஒரு பெரிய விடுதலை. ஆனால் கப்பலிலும் விமானத்திலும் போன் பிடிக்கும் நெட்வொர்க் செயற்கைக்கோள் வழியாக வருவது, அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு, வீட்டில் யாருமே பேசாத ஒரு பழைய சிம் ஒன்றிரண்டு மிஞ்சும். அதற்கும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருப்போம். தேவையில்லை என்றால் விட்டுவிடலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். கைவிட்ட எண்ணை நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த எண் உங்கள் வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ இன்னும் இருந்தால், உங்களுக்கு வர வேண்டிய ஓடிபி அந்த முகம் தெரியாதவரின் போனில் போய் விழும். முதலில் வங்கி, மின்னஞ்சல், காப்பீடு, குழந்தையின் பள்ளி, அரசு அடையாள அட்டை என்று அந்த எண்ணைக் கொடுத்த இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் புது எண்ணை மாற்றுங்கள். அப்புறம் ஒரு மாதம் அந்த சிம்மை உயிரோடு வைத்து, ஏதாவது எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படி வைத்திருந்தபோது மூன்றாவது வாரத்தில் ஒரு செய்தி வந்தது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து.